செட்டிபாளையத்திலிருந்து டெட்ராய்ட்டுக்கு: ஜாஸ், சோல், ஹிப் ஹாப், உலக இசையைத் தேடிக் கேட்கவும் பகிரவும் ஒரு முழு வழிகாட்டி

கோவையில் போத்தனூரைத் தாண்டினால் செட்டிபாளையம். கார் பந்தயத் தளத்தால் இன்று பலரும் அறிந்த ஊர். 1914இல் அங்கே பிறந்த ராமசாமி என்பவர் துறவு பூண்டு சுவாமி சச்சிதானந்தர் ஆனார். 1966இல் அமெரிக்கா சென்றார். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசை விழாவின் தொடக்கத்தில் மேடையேறிப் பேசியவர் அவர்தான். அவருடைய சீடர்களில் ஒருவர் ஆலிஸ் கோல்ட்ரேன்: பியானோவும் ஹார்ப் என்ற பெரிய நரம்புக் கருவியும் வாசித்த ஜாஸ் கலைஞர், 1967இல் கணவர் ஜான் கோல்ட்ரேனை இழந்து துயரில் இருந்தவர். 1971இல் ஆலிஸ் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. ஜாஸ் உலகம் இன்றுவரை கொண்டாடும் ஓர் இசைத்தட்டு கொங்கு மண்ணில் பிறந்த ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் நம் பகுதியில் இசை கேட்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னால் பெரும்பாலோர் வியப்போடுதான் பார்க்கிறார்கள்.

ஜாஸ் கேட்க வேண்டும், ஹிப் ஹாப் புரிந்துகொள்ள வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது ஒரு பட்டியல்: 'கட்டாயம் கேட்க வேண்டிய நூறு ஆல்பங்கள்'. அதைக் கையில் வைத்துக்கொண்டு முதல் மூன்றைக் கேட்டு, நான்காவதில் நிறுத்தியவர்கள் ஏராளம். பட்டியலில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உறவு தெரிவதில்லை. உறவு தெரியாமல் காது நெடுநேரம் நிற்காது. நான் பரிந்துரைக்கும் வழி வேறு. வகையைப் பிடிக்காதீர்கள்; ஓர் ஆளைப் பிடியுங்கள், ஓர் ஊரைப் பிடியுங்கள். அவர் யாரோடு வாசித்தார், அந்த ஊரில் வேறு யார் இருந்தார்கள் என்று விசாரித்துக்கொண்டே நடங்கள்.

இந்த வழிகாட்டிக்கு நான் பிடித்திருக்கும் ஊர் டெட்ராய்ட், ஆலிஸ் கோல்ட்ரேன் பிறந்த ஊர். கார் தொழிற்சாலைகளால் வளர்ந்த நகரம். பஞ்சாலையும் வார்ப்படப் பட்டறையும் பம்ப் தொழிலும் வளர்த்த கோவைக்காரருக்கு அந்த நகரத்தின் குணத்தைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது. ஜாஸ், சோல், ஹிப் ஹாப் மூன்றுக்கும் அங்கிருந்து நேரடி வழி உண்டு. ஆப்பிரிக்காவுக்கும் ஒரு வழி உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் படி: கருவியும் நேரமும்

கைபேசியின் ஒலிபெருக்கியில் இந்த இசையைக் கேட்காதீர்கள். நான்கு வகை இசைக்கும் அடித்தளம் பேஸ், அதாவது கீழ்ச்சுரங்களில் நடக்கும் பகுதி. கைபேசியில் அது கிட்டத்தட்ட முழுவதும் காணாமல் போய்விடும். மேலே குரலும் தாளத்தின் சலசலப்பும் மட்டும் மிஞ்சும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கம்பி இயர்போனே தொடக்கத்துக்குப் போதும். வீட்டில் பழைய ஹோம் தியேட்டர் பெட்டி இருந்தால் அதோடு கைபேசியை இணைத்துவிடுங்கள். இசைத்தட்டுச் சுழலி வாங்கும் ஆசை பிறகு தானாக வரும், அதற்கு அவசரமில்லை.

நேரத்துக்கு நம் ஊரிலேயே நல்ல அளவுகோல் இருக்கிறது: பஸ் பயணம். உக்கடத்தில் ஏறிப் பொள்ளாச்சியில் இறங்குவதற்குள் ஓர் ஆல்பம் முழுதாக முடிந்துவிடும். அறுபது, எழுபதுகளில் வந்த ஆல்பங்கள் பெரும்பாலும் 35 நிமிடத்திலிருந்து 45 நிமிடத்துக்குள் அடங்குபவை. நம் தனியார் பஸ்களில் ஓட்டுநர் போடும் பாட்டும் நல்ல பாட்டுதான். இருந்தாலும் வாரத்தில் ஒரு பயணத்தை இதற்கென ஒதுக்குங்கள். வீட்டில் வைஃபை இருக்கும்போதே ஆல்பத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் வழியில் இணைப்பு அறுந்தாலும் கவலையில்லை. பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிள் வசதியை அணைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: ஒரே ஆல்பத்தை, ஒவ்வோர் அடுக்காக

'ஜர்னி இன் சச்சிதானந்தா'வின் முதல் பாட்டு, ஆல்பத்தின் பெயரையே கொண்டது. ஆறரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். அதை ஒரே நாளில் பலமுறை கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கருவியை மட்டும் பின்தொடருங்கள்.

முதல் முறை தம்பூரா. கச்சேரிக்குப் போய்ப் பழகிய காதுக்கு அந்த ரீங்காரம் வீட்டு முற்றத்தைப் போன்றது. அடுத்த முறை செசில் மெக்பீயின் டபுள் பேஸ், ஆளுயர வயலின் போன்ற கருவி. ஒரு சிறு சொற்கட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே வாசிக்கிறார். அதை நீங்கள் வாய்க்குள் முணுமுணுக்கும் அளவுக்குக் கேளுங்கள். ஏனென்றால் மற்ற எல்லாரும் அதன் மேல்தான் நிற்கிறார்கள். மூன்றாம் முறை ஆலிஸின் ஹார்ப்: மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் நீர்வீழ்ச்சியாகக் கொட்டும் ஒலி. நான்காம் முறை ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன். அவர் எங்கே உள்ளே வருகிறார், எங்கே மூச்சுவிடுகிறார், மெல்லத் தொடங்கிய வாசிப்பு எப்போது உரக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஜாஸில் 'ஒன்றும் புரியவில்லை' என்று விலகுபவர்கள் எல்லாக் கருவிகளையும் ஒரே நேரத்தில் பிடிக்க முயல்வதால்தான் களைத்துப்போகிறார்கள். மேளக் கச்சேரியில் நாகசுரத்தையும் தவிலையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கத் தெரிந்தவருக்கு இந்தப் பயிற்சி இயல்பாகவே கைகூடும். இந்த ஒரு பாட்டில் அடுக்குகளைப் பிரிக்கப் பழகிவிட்டால் அடுத்து எதைக் கேட்டாலும் காது தானே பிரிக்கத் தொடங்கும். இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். ஒரு மாதம் ஆனாலும் நல்லதே.

மூன்றாம் படி: வாசித்தவர்களின் பெயர்களைப் பின்தொடர்வது

ஜாஸில் ஆல்பத்தின் முகப்பில் இருக்கும் பெயரைவிடப் பின்அட்டையில் இருக்கும் பெயர்கள் முக்கியம். டிஸ்காக்ஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில் பெரும்பாலான இசைத்தட்டுகளில் யார் எந்தக் கருவியை வாசித்தார்கள் என்ற விவரம் இருக்கும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பிடித்த கலைஞரின் பெயரையும் கருவியையும் ஆண்டையும் குறித்துக்கொண்டே வாருங்கள். அடுத்து எதைக் கேட்பது என்பதை அந்த நோட்டே சொல்லும்.

ஆலிஸிடமிருந்து கணவர் ஜான் கோல்ட்ரேனிடம் போகலாம். அவருடைய 'எ லவ் சுப்ரீம்' 1964 டிசம்பரில் பதிவாகி 1965இல் வெளிவந்தது. நான்கு பகுதிகள் கொண்ட இறைவேண்டல். இந்திய இசையின் மேல் அவருக்கிருந்த மதிப்பு பெரிது. தன் மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயர் வைத்தார். ஜான் கோல்ட்ரேனிடமிருந்து மைல்ஸ் டேவிஸிடம் போனால் 1959இல் வெளிவந்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' கிடைக்கும். இரண்டே நாள் பதிவில் முடிந்த ஆல்பம் அது. அதில் பேஸ் வாசிக்கும் பால் சேம்பர்ஸ் டெட்ராய்ட்டில் வளர்ந்தவர்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் பாட்டான 'சோ வாட்'டை நம் இசைக் கணக்கில் கேட்கலாம் என்பது எனக்குத் தீராத மகிழ்ச்சி தரும் விஷயம். அது டோரியன் என்ற சுர வரிசையில் அமைந்தது. அதே சுரங்கள்தான் நமக்குக் கரகரப்பிரியா, 22ஆவது மேளகர்த்தா. கமகம் கிடையாது, பிரயோகங்களும் வேறு. ஆனால் ஆரோகணத்தின் சுரத்தானங்கள் அவையே. முதலில் பேஸ் ஒரு வாசகத்தை வாசிக்கும். மற்றவர்கள் இரண்டு அழுத்தமான சொற்களில் பதில் சொல்வார்கள். இந்த உரையாடல் தொடங்கியதும் ஆதி தாளம் போடுங்கள். பாட்டின் ஒரு சுற்று 16 ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கைத் தாளம் 16 முறை. முதல் 8 ஆவர்த்தனம் இரண்டு கட்டைச் சுருதியில் நடக்கும். அடுத்த 4 ஆவர்த்தனம் அப்படியே இரண்டரைக் கட்டைக்கு ஏறும். கடைசி 4 ஆவர்த்தனம் மீண்டும் இரண்டு கட்டைக்கு இறங்கும். மைல்ஸின் டிரம்பெட்டானாலும் கோல்ட்ரேனின் சாக்ஸபோனானாலும் கற்பனை சுரமாக விரியும்போது அடியில் இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். கையில் தாளத்தை விடாமல் வைத்திருந்தால், அரைக்கட்டை ஏறும் இடத்தில் முதுகு தானாக நிமிர்வதை உணர்வீர்கள்.

தாளத்தில் ஆர்வம் உள்ளவர்கள் ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் ப்ரூபெக் பக்கம் போகலாம். 1958இல் அவர் குழு சென்னைக்கு வந்தபோது மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த 'டைம் அவுட்' ஆல்பத்தில் பால் டெஸ்மண்ட் எழுதிய 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் நடப்பது. நம் ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்ட சாபுவைத் தக தகிட என்று, தகிட பிற்பகுதியில் வரும்படி எண்ணுகிறோம். இது தகிட தக என்று முன்னால் மூன்றை வைத்துக்கொள்ளும்.

நான்காம் படி: சோல், உழைப்பாளிகளின் ஊரிலிருந்து

சோல் என்பது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயப் பாட்டில் வேர்கொண்ட இசை. அதற்காக டெட்ராய்ட்டுக்குத் திரும்புவோம். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி, 1959இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஓர் இசை நிறுவனம் தொடங்கினார். அதுதான் மோடவுன். ஒரு சாதாரண வீட்டையே பதிவுக்கூடமாக்கினார். தொழிற்சாலையில் கார் ஒவ்வொரு கையாக மாறி முழுமையாவதைப் பார்த்தவர், பாட்டெழுதுவோர், இசைப்போர், பாடகருக்கு மேடை நடை சொல்லித் தருவோர் என்று வேலையைப் பிரித்து அதே முறையில் பாட்டுகளை உருவாக்கினார். பாடகர்களின் பெயர் உலகெங்கும் பரவியது. பின்னால் வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் குழுவின் பெயர் பல ஆண்டுகள் அட்டையில் வரவேயில்லை. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தபோதுதான் மோடவுன் ஆல்பம் ஒன்றில் அவர்களுடைய பெயர்கள் அச்சாயின. அந்த ஆல்பத்தை இயர்போனில், ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேளுங்கள். குரலுக்கு அடியில் இன்னொரு பாட்டே ஓடிக்கொண்டிருக்கும்.

சோல் கேட்கும்போது கைதட்டும் இடம் முக்கியம். நான்கு எண்ணிக்கையில் நம் கை முதல் எண்ணிக்கையில் விழத்தான் பழகியிருக்கிறது. சோல் இசையில் இரண்டிலும் நான்கிலும் தட்ட வேண்டும். முதல் சில நாள் கை தடுமாறும். அது படிந்த பிறகு இந்த இசை உடம்புக்குள் இறங்குவது வேறு மாதிரி இருக்கும்.

அரீதா ஃபிராங்க்ளின் மெம்ஃபிஸில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். தந்தை அங்கே புகழ்பெற்ற தேவாலயப் போதகர். 1967இல் வந்த 'ரெஸ்பெக்ட்' எல்லாரும் அறிந்தது. ஆனால் முதலில் கேட்க வேண்டியது 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயம் ஒன்றில் மக்கள் முன் பதிவான 'அமேஸிங் கிரேஸ்' என்பது என் கருத்து. அவர் ஒரு வரி பாட, கூட்டம் மறுமொழி தருகிறது. அந்த மறுமொழி அவரை இன்னும் மேலே தூக்குகிறது. வள்ளி கும்மியில் ஆசிரியர் பாட, வட்டத்தில் ஆடுவோர் வாங்கிப் பாடும்போது வேகம் கூடுவதை நேரில் பார்த்தவர்களுக்கு இங்கே என்ன நடக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

திருப்பூர், கோவை வேலைத்தளங்களில் இருப்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது பில் விதர்ஸ். விமானங்களுக்கான பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே முதல் ஆல்பத்தைப் பாடியவர். 1971இல் வந்த 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' ஆல்பத்தின் அட்டையில் உணவு இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் பிடித்தபடி தொழிற்சாலைச் சுவரருகே நிற்கிறார். 'எய்ன்ட் நோ சன்ஷைன்' அந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது. இரண்டு நிமிடப் பாட்டு, எளிய ஆங்கிலம், பாட்டின் நடுவே 'ஐ நோ' என்ற இரண்டு சொற்களை மூச்சு முட்டும்வரை அடுக்குகிறார். ஆங்கிலம் அதிகம் தெரியாத தறிக்காரரும் அந்த இடத்தில் நிமிர்ந்து பார்ப்பார்.

ஐந்தாம் படி: ஹிப் ஹாப்பைப் பின்னோக்கிக் கேட்பது

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற குடியிருப்பின் பொது அறையில் பள்ளிகள் திறப்பதற்கு முன் ஒரு பெண் விருந்து வைத்தார். பாட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவில் பிறந்த டிஜே கூல் ஹெர்க். பாட்டில் மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் ஆடுபவர்கள் துள்ளுகிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரு சுழலிகளில் வைத்து, அந்தச் சில நொடிகளை மாற்றி மாற்றி நீட்டினார். ஹிப் ஹாப்பின் வேர் அங்கே இருக்கிறது.

அதனால் ஹிப் ஹாப் பாட்டு ஒன்றைக் கேட்பது என்றால் அதற்குள் இருக்கும் பழைய பாட்டைத் தேடிப் பிடிப்பதும் சேர்ந்ததே. ஹூசாம்பிள்டு என்ற இணையதளத்தில் பாட்டின் பெயரைப் போட்டால் எந்தப் பழைய பாட்டின் எந்த நொடி எடுக்கப்பட்டது என்று ஒலியோடு காட்டும். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' 1970இல் வந்தது. அதில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த டிரம்ஸ் துணுக்கை எடுத்தாண்ட ஹிப் ஹாப் பாட்டுகள் ஏராளம். 1989இன் 'ஃபைட் தி பவர்' அவற்றில் ஒன்று. முதலில் புதிய பாட்டு, பிறகு பழைய பாட்டு, மீண்டும் புதிய பாட்டு என்ற வரிசையில் கேளுங்கள். இரண்டாம் முறை அந்தத் துணுக்கு அடையாளம் தெரிந்து எதிரே வந்து நிற்கும்.

டெட்ராய்ட் இங்கேயும் உண்டு. ஜே டில்லா என்ற ஜேம்ஸ் யான்சி 1974இல் அங்கே பிறந்தவர். நோயோடு போராடிய கடைசிக் காலத்தில் வெளிவந்த அவருடைய 'டோனட்ஸ்', 31 சிறு துண்டுகள் கொண்டது. பெரும்பாலும் பழைய சோல் பாட்டுகளை நறுக்கி நெய்தது. 2006 பிப்ரவரி 7 அன்று வெளியானது. மூன்று நாள் கழித்து 32 வயதில் அவர் காலமானார். டில்லாவின் டிரம்ஸ் கணினிக் கட்டத்தில் சரியாகப் போய் உட்காராது. ஒரு சொல் இம்மி முந்தும், இன்னொன்று இம்மி பிந்தும். கை வாசிப்பின் உயிரை இயந்திரத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். அவரோடு பணியாற்றிய எ ட்ரைப் கால்டு குவெஸ்ட் குழுவின் 1991 ஆல்பமான 'தி லோ எண்டு தியரி'யில் மைல்ஸ் டேவிஸோடு வாசித்த ரான் கார்ட்டரே வந்து ஒரு பாட்டுக்கு டபுள் பேஸ் வாசிக்கிறார். உங்கள் நோட்டில் இப்போது ஜாஸ் பக்கமும் ஹிப் ஹாப் பக்கமும் ஒரே பெயரில் சந்திக்கும்.

தமிழ் ராப்பை, அதாவது தாளத்தோடு பேச்சாகப் பாடும் தமிழ்ப் பாட்டை, இந்த வரிசையில் கடைசியில் வைக்காமல் இடையிடையே கேளுங்கள். மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' 2006இல் வந்தது. அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறையில் நம் கோவையிலிருந்து ஹிப்ஹாப் தமிழா புறப்பட்டது. எதுகையும் மோனையும் தாளத்தின் எந்த எண்ணிக்கையில் விழுகின்றன என்பதைத் தமிழில் பிடிக்கப் பழகினால் ஆங்கில ராப்பிலும் அது கேட்கும்.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஹிப் ஹாப்பில் வசைச் சொற்களும் பெண்களை இழிவுபடுத்தும் வரிகளும் உண்டு. வரிகளைப் படித்துப் பார்த்த பிறகே பிள்ளைகளுக்குப் போடுங்கள். கறுப்பினக் கலைஞர்கள் தங்களுக்குள் புழங்கும் ஓர் இனச்சொல்லும் அடிக்கடி வரும். அடிமை முறையின் வன்முறையைச் சுமந்த சொல் அது. கேட்கலாம், சேர்ந்து பாடும்போது நாம் அதைச் சொல்லக் கூடாது. சாதி வசவுகளின் காயம் அறிந்த நமக்கு இதன் நியாயம் புரியும்.

ஆறாம் படி: உலக இசை என்ற அலமாரியை மறந்துவிடுவது

'வேர்ல்டு மியூசிக்' என்ற பெயர்ப்பலகை 1987இல் லண்டன் மதுக்கடை ஒன்றில் சில இசை நிறுவனத்தார் கூடிப் பேசி முடிவெடுத்தது. கடைகளில் எந்த அலமாரியிலும் சேராத இசைத்தட்டுகளை ஒரே இடத்தில் வைத்து விற்க அது உதவியது. கேட்பவருக்கு உதவாது. மாலியும் கேப் வெர்டேயும் பாகிஸ்தானும் ஒரே இசை ஆகிவிட முடியாது. இங்கேயும் ஆளையும் ஊரையும் பிடியுங்கள்.

டெட்ராய்ட்டிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு வழி உண்டு என்றேன் அல்லவா? அந்த வழி ஜான் லீ ஹூக்கர். அமெரிக்காவின் தெற்கிலிருந்து வேலை தேடி டெட்ராய்ட் வந்து, கார் தொழிற்சாலையில் உழைத்தபடி கறுப்பினத்தவரின் புளூஸ் என்ற துயரப் பாட்டு வகையைப் பாடி, 1948இல் 'பூகி சில்லன்' பதிவு செய்தவர். அவரைக் கேட்ட மாலி நாட்டு அலி ஃபர்கா தூரேக்கு அது தன் மண்ணின் இசையாகவே பட்டது. தூரே நைஜர் ஆற்றங்கரையில் நியாஃபுங்கே என்ற ஊரின் விவசாயி. உலகப் புகழுக்குப் பிறகும் தன்னை முதலில் விவசாயி என்றே சொல்லிக்கொண்டவர். பின்னாளில் அந்த ஊரின் மேயரும் ஆனார். ஹூக்கரின் ஒரு பாட்டையும், தூரே அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடருடன் சேர்ந்து 1994இல் வெளியிட்ட 'டாக்கிங் டிம்பக்டு'வையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பவானி வாய்க்கால் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் உறவினர் யாராவது இருந்தால் அவரோடு சேர்ந்து கேட்பது இன்னும் சிறப்பு.

ராகம் அறிந்தவர்கள் எத்தியோப்பியாவுக்குப் போகலாம். அங்குள்ள திஸித்தா மேஜர் என்ற ஐந்து சுர வரிசையும் நம் மோகனமும் ஒரே சுரங்கள் கொண்டவை. அந்நாட்டு இசைக் கலைஞர் முலாத்து அஸ்தாத்கேயின் இசையைத் தொகுத்த 'எத்தியோபீக்' வரிசையின் நான்காம் தொகுதி நல்ல தொடக்கம். நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டியைக் கேட்க நினைப்பவர்கள், திருப்பூரில் பின்னலாடை வாங்க வரும் நைஜீரிய வணிகர்களில் யாரையாவது அறிந்திருந்தால் அவரிடமே கேளுங்கள்: உங்கள் வீட்டில் எந்தப் பாட்டு ஓடும்? கோவைக் கல்லூரிகளில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்களிடமும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்பவர்களிடமும் இதையே கேட்கலாம். ஒருவர் தன் தாயின் பாட்டைப் பாடிக் காட்டும்போது கிடைப்பதை எந்தச் செயலியும் தராது. நேரமிருக்கும்போது ரேடியோ கார்டன் என்ற செயலியில் உலக உருண்டையைச் சுழற்றி, எந்த ஊர் வானொலியையும் அந்த நேரத்திலேயே கேட்கலாம்.

ஏழாம் படி: பகிர்வது

பகிர்வதன் முதல் விதி: ஒருவருக்கு ஒரு பாட்டு. ஐம்பது பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவில் பத்து இணைப்புகளைக் கொட்டினால் யாரும் திறக்க மாட்டார்கள். ஒருவரை நினைத்து, அவருக்கு ஏன் இது என்று சொல்லி அனுப்புங்கள். உதாரணமாக:

'மாமா, உங்களுக்குத் தவில் தனி என்றால் உயிர் என்பதால் இதை அனுப்புகிறேன். டோனி ஆலன் என்ற நைஜீரிய டிரம்ஸ் கலைஞர், ஃபெலா குட்டி குழுவில் வாசித்தது. மொத்தம் 11 நிமிடம். நேரம் இல்லையென்றால் முதல் மூன்று நிமிடம் மட்டும், வலது கையும் இடது கையும் வெவ்வேறு பேச்சுப் பேசுவதைக் கேளுங்கள். ஞாயிறு வரும்போது எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.'

ஆள், காரணம், எதைக் கவனிப்பது, எவ்வளவு நேரம் ஆகும் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். ஒலிக்கோப்பை அனுப்பாமல் அதிகாரபூர்வ இணைப்பை அனுப்புங்கள். கலைஞருக்குச் சேர வேண்டிய சிறு தொகையாவது சேரும். ஒலியின் தரமும் கெடாது. மனதுக்கு மிகப் பிடித்ததை பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் காசு கொடுத்து வாங்குங்கள்.

அடுத்தது கூடிக் கேட்பது. நான்கைந்து பேர் போதும். மொட்டை மாடியோ, தறிக்குடோனில் வேலை முடிந்த பிறகான மாலையோ போதும். ஒருவர் ஒரு பாட்டு கொண்டுவர வேண்டும். போடுவதற்கு முன் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது. பாட்டு ஓடும்போது யாரும் பேசக் கூடாது. இதில் கண்டிப்பாக இருங்கள். முடிந்தபின் கொண்டுவந்தவர் கடைசியில்தான் பேச வேண்டும். புதிதாக வந்தவர் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொன்னால் அவரைத் திருத்தப் பார்க்காமல், எந்த இடத்தில் விலகினார் என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் அவருக்கு அடுத்து எதைக் கொடுப்பது என்ற குறிப்பு இருக்கும். வீட்டுக்குள் நண்பர்களோடு கேட்க யாருடைய அனுமதியும் வேண்டாம். கடையிலோ கட்டண நிகழ்ச்சியிலோ பொதுவில் ஒலிபரப்புவதற்கு உரிமம் தேவை என்பதை நினைவில் வையுங்கள்.

ஒவ்வொரு கூட்டத்திலும் கொங்கு இசை ஒன்றுக்கு இடம் வையுங்கள்: உருமி, ஜமாப், பெருஞ்சலங்கையாட்டத்தின் அடி, உடுக்கைப் பாட்டு. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி, இரவு இரவாகப் பாடப்பட்ட அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் முழுதாகப் பதிவு செய்தார். மாலியின் ஒரு விவசாயி நமக்கு உலக இசை என்றால், ஓலப்பாளையத்தின் உடுக்கை மாலிக்காரருக்கு உலக இசை. பகிர்வது இருபுறமும் நடக்க வேண்டும். தொலைவில் உள்ள நண்பர் ஒருவர் அவர் ஊர்ப் பாட்டை அனுப்பினால் பதிலுக்கு நம்முடையதை அனுப்புங்கள்.

கோயில் விழாவிலோ வீட்டு விசேஷத்திலோ நீங்களே பதிவு செய்யலாம். கைபேசியை ஒலிபெருக்கிப் பெட்டியின் முன்னால் வைத்தால் ஒலி உடைந்துபோகும். கலைஞர்களுக்குப் பக்கவாட்டில், பத்தடி தள்ளி, இடுப்பு உயரத்துக்கு மேலே அசையாமல் வையுங்கள். விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டால் அழைப்பு வந்து கெடுக்காது. தொடங்கும் முன் குழுவின் மூத்தவரிடம் அனுமதி கேளுங்கள்; வெளியே பகிர்வதானால் அதையும் தனியாகச் சொல்லிக் கேளுங்கள். வாசித்தவர்கள் ஒவ்வொருவரின் பெயர், ஊர், கருவி, யாரிடம் கற்றார், எந்த நாள் ஆகியவற்றைப் பதிவின் கடைசியில் அவர்கள் குரலிலேயே சொல்ல வையுங்கள். விசேஷக் கூலிக்கு மேல் உங்களால் முடிந்ததைக் கொடுத்துவிட்டு, பதிவின் ஒரு பிரதியை அவர்கள் வண்டி ஏறுவதற்குள் அவர்களுடைய கைபேசிக்கு அனுப்பிவிடுங்கள்.